பதினேழு எழுத்து இடைவெளி

பாக்டீரியாவை நம்பிப் பிழைப்பவர்களுக்குத் தூக்கம் வராது. உங்களில் யாராவது அப்படி இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

பச்சை வெளக்கு

இருபது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, திருப்பதியில் ஒரு ஆய்வகத்துக்கு வந்தேன். ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் புரோமோட்டர் என்று கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கும். அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன இரண்டு சின்ன எழுத்துக்கோவைகள். செல்லுக்குள் இருக்கும் இயந்திரம் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் ஜீனைப் படிக்க ஆரம்பிக்கும். பழைய புரோமோட்டரைச் சீர்படுத்தி, நீல வெளிச்சத்தில் பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிரவைக்கும் ஜீனுக்கு முன்னால் ஒட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை, திட்டத்துக்குப் பணம் தரும் குழு பார்க்க வரும். ஒளிராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், நான் திரும்பப் பெட்டி கட்ட வேண்டும். சித்தூர் வீட்டில் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், சொன்னேன். "பச்சை வெளக்கு எரிஞ்சாதான் நீ இங்க இருப்பியா? அந்தக் கிருமிங்ககிட்ட நான் வேணா பேசிப் பாக்கட்டா?"

புத்தலப்பட்டு டீ

திங்கள், இருட்டு. செவ்வாய், இருட்டு. வெப்பத்தை மாற்றினேன், உப்பை மாற்றினேன், இரண்டு கோவைகளையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். உட்கார முடியவில்லை. புதன் காலை திருப்பதிக்குப் போகும் வழியில், புத்தலப்பட்டில் வண்டியை நிறுத்தி, தினமும் குடிக்கும் டீக்கடையிலும் அந்த எழுத்துகளையே முணுமுணுத்தேன். டீ ஆறிவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா சார், ஏ, டி, ஜி, சின்னு மூணு நாளா இதையே படிச்சிக்கினு கீறீங்க. மத்த எழுத்தெல்லாம் வாத்தியார் சொல்லித் தரலியா?"

நடுவில்

அன்று மதியம் டெக்னீஷியன் கிரேஸ் தன் பழைய நோட்டைக் கொண்டுவந்தார். நான் வருவதற்கு முன்பே அந்தப் புரோமோட்டரைச் செய்தவர். இரண்டு கோவைகளுக்கும் நடுவே அவர் நோட்டில் பதினேழு எழுத்து, என்னுடையதில் பதினைந்து. அர்த்தமில்லாத எழுத்து என்று நான்தான், அழகுக்காக, இரண்டை வெட்டியிருந்தேன். இயந்திரத்தின் ஒரு கை எட்டினால் இன்னொரு கை எட்டவில்லை.

"ரெண்டு பக்கமும் பத்து தபா பாத்தீங்க சார். நடுவுல எவ்ளோ தூரம்னு ஒரு தபா எண்ணக்கூடாதா?"

வெள்ளிக்கிழமை

பதினேழு எழுத்து இடைவெளியோடு அதே பச்சை ஜீனைச் சுமந்த கிரேஸின் பழைய பாக்டீரியா ஃப்ரீசரில் இருந்தது. வளர்த்து, என்னுடையதன் பக்கத்தில் வைத்தோம். குழுவுக்கு முன்னால் நீல விளக்கைப் போட்டேன்: ஒன்று இருட்டு, ஒன்று பச்சை. பிழையையும் சேர்த்தே சொன்னேன். குழுத் தலைவர் சிரித்துவிட்டு திட்டத்தை ஒரு வருடம் நீட்டித்தார். நைனாவுக்கு ஃபோன் செய்தேன். "எரிஞ்சிதா? அப்ப அடுத்த மாசமும் ஒனக்கும் சேத்து அரிசி வாங்கணும்."

இப்போதெல்லாம் எந்தப் புரோமோட்டரை ஆர்டர் செய்தாலும் விரல் விட்டுப் பதினேழு எண்ணுகிறேன். நான் எண்ணி முடித்ததும் கிரேஸ் முதலிலிருந்து எண்ணுகிறார்.