நாற்பத்தொன்றாம் நம்பர் கோழி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் கலர்க்காரர் என்று பெயர். பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பது அவர் வேலை. சுவரிலிருந்து உதிர்ந்த நகம் அளவு காரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், மெஷின் பக்கமே போகாமல் நாலு டப்பாவைத் திறந்து அதே நிறத்தை வரவழைத்துவிடுவார். அப்படிப்பட்ட கைக்காரருக்கு ஆறு வருஷம் தண்ணி காட்டியது, வீட்டின் பின்பக்கம் கம்பிவலைக்குள் திரிந்த கோழிக் கூட்டம்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உச்சி முதல் வால்வரை மழைமேகம்போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி. அது போடுகிற முட்டை நீலமாக இருக்க வேண்டும்.

"ஏன் அத்தான், வெள்ளை முட்டை தொண்டையில இறங்காதா?" என்று கேட்டேன்.

"உனக்குப் புரியாது மச்சான்" என்றார்.

புரியத்தான் இல்லை. பகல் முழுக்க அடுத்தவன் கேட்ட நிறத்தையே கலக்குகிற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு நிறம் வேண்டியிருந்ததோ என்னவோ.

சாம்பல் இருக்கிறதே, அது சரியான ஏமாற்று நிறம். சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்தாலும் குஞ்சுகளில் பாதிதான் சாம்பலாக வரும். மீதியில் கரிக்கட்டை போலச் சில, மை தெளித்த வெள்ளையில் சில. நீலம் அதைவிட மோசம். லாரி ஓட்டும் சிநேகிதர் ஒருவர் எங்கிருந்தோ ஆறு நீல முட்டைகளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பொரித்தது ஒன்று, அதுவும் சேவல். சேவல் முட்டை போட்டுக் காட்டுமா? அதன் மகள்கள் வளர்ந்து முட்டைக்கு வந்த பிறகுதான் நீலம் யாருக்கு இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் ஆறேழு மாதம் காத்திருப்பார். சாம்பல் பெட்டை வந்தால் முட்டை பழுப்பு. முட்டை நீலமாக வந்தால் பெட்டை செவலை.

ஒவ்வொரு கோழிக்கும் காலில் நம்பர் போட்ட வளையம், நோட்டில் அதன் அப்பன் ஆத்தாள் விவரம். "நம்ம பையன் எந்த வகுப்புன்னு கேட்டா முழிப்பார்டா. எந்தக் கோழிக்கு எது பெரியம்மான்னு கேளு, தூக்கத்துல சொல்லுவார்" என்பாள் அக்கா. ஆனால் தவிடும் தானியமும் கலந்து வைப்பது அவள்தான்.

போன மாதம் ஒருநாள் காலையில் அத்தான் என் வீட்டுக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். வெதுவெதுப்பு ஆறாத நீல முட்டை. நாற்பத்தொன்றாம் நம்பர் போட்டது. அது ஒரு கறுப்பு இறகுகூட இல்லாத சுத்தமான சாம்பல். நான் நக்கல் பேசிப் பழகியவன். அன்றைக்கு முட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இனி இந்த ஒரு பெட்டையை வைத்துத்தான் வம்சம் பெருக வேண்டும் என்றார்.

மூன்று வாரம் தாங்கவில்லை. சாலை முனையில் இருக்கும் பெரிய பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கூரையில் மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வந்தது: சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கோழிகளையும் எடுத்துக் கொன்று புதைக்கப் போகிறார்கள், வீட்டுக் கோழி உட்பட. நோய் நல்ல கோழிக்குள்ளும் ஒளிந்திருக்குமாம். நியாயம் அவர்கள் பக்கம்தான். நியாயமாக இருந்து தொலைத்ததுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் விடிந்ததும் அத்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆபீசுக்கு ஓடினார், கையைக் காலைப் பிடித்தாவது விலக்கு வாங்க. அவர் தலை மறைந்ததும் அக்கா நாற்பத்தொன்றைத் தூக்கிக் குளியலறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

"அவர்கிட்ட மூச்சு விடாதே. அரிச்சந்திரன் பரம்பரை. யாராவது மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாப் போதும், ஒப்பிச்சிடுவார்."

பத்து மணிக்கு அத்தான் விலக்கு கிடைக்காமல் அவர்களோடேயே வந்தார். வெள்ளை உடுப்பில் தலைமுதல் கால்வரை மூடிய மூன்று பேர், கூடவே கால்நடை டாக்டரம்மா. ராத்திரி முழுக்கத் தூங்காத கண் அந்த அம்மாவுக்கு. ஆட்கள் கூட்டைத் திறந்து கோழிகளைப் பிடித்துச் சாக்கில் போடத் தொடங்கினார்கள். அடைக்கு வைத்த முட்டைகளையும் எடுத்தார்கள். எத்தனை கோழி என்று யாரும் கேட்கவில்லை. கூடு காலியானால் கிளம்பிவிடுவார்கள் போலிருந்தது.

அத்தான் அந்த அம்மாவிடம் நோட்டை நீட்டினார். டாக்டரம்மா பேருக்குப் புரட்டவில்லை, நின்று படித்தார்.

"ஆறு வருஷமா தனியாவா பண்ணீங்க?"

"ஆமா டாக்டர்."

"சாம்பல் பெட்டை, நீல முட்டை. நான் படிச்சதோட சரி. எது அது?"

அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் முதல்முறையாக விஷயம் தெரிந்த ஒருத்தர் அவரிடம் கேட்டுவிட்டார். "வாங்க, காட்டுறேன்" என்று கூட்டுக்குள் குனிந்தார். காணவில்லை. சாக்கைப் பிரித்து எட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை.

"நாற்பத்தொண்ணைக் காணோமே" என்றார். குரலே மாறிவிட்டது.

"எங்கயாவது போயிருக்கும், விடுங்க" என்றாள் அக்கா.

"அது எங்கயும் போகாது. நாய் தூக்கிருச்சா?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன், தொண்டையைச் செருமினேன், அவர் காலைக்கூட மிதித்தேன். மனுஷன் திரும்பிப் பார்த்தால்தானே? விறகுக் கட்டைகளைப் புரட்டினார், கவிழ்த்த கூடையைத் தூக்கினார். "பா... பா... பா..." என்று தினமும் தீனிக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

குளியலறைக்குள்ளிருந்து அது பதில் கொடுத்தது.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு. "இங்கதான் இருக்கு டாக்டர்" என்றார். அப்புறம்தான் அக்கா முகத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா அந்தச் சாம்பல் இறகை உறை போட்ட விரலால் ஒருதடவை தடவினார்.

"நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக. "ஆனா பார்த்துட்டேன். இனிமே விட்டுட்டுப் போக முடியாதுங்க."

சாக்கோடு ஒரு ஆள் பக்கத்தில் வந்தான். அத்தான் "மிரளும், நானே வைக்கிறேன்" என்றார். வைத்தார்.

அவர்கள் வெள்ளைப் பொடி தூவிவிட்டுப் போன பிறகு, சமையலறை வாசலில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க காட்டிக் குடுத்துடுவீங்கன்னு பயந்தேன்."

சரிதான் என்பதுபோல அவர் தலையாட்டினார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் போட்டாவது ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.