தொப்பை மரத்துக் கன்றுகள்

தாவரவியல் தோட்டத்தில் அவளை எல்லோரும் கண்ணாடி வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளம் போடுகிற குமாஸ்தாவே கொஞ்சம் யோசிப்பார். கண்ணாடி வீட்டுக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். வெளிக் குளிரும் பூச்சியும் கூடவே வந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் நிற்கிற இடத்தில் தினமும் காலையில் அவளுக்கு மூச்சு முட்டும். உள்ளே போனால் முட்டவில்லை என்று சொல்ல முடியாது, பழகியிருந்தது.

உள்ளே இரண்டு தொப்பை மரங்கள். புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பெருத்த அடிமரம், வழவழப்பான சாம்பல் தோல், உச்சியில் போனால் போகிறதென்று நாலைந்து கிளைகள். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் பெல்ட்டைத் தளர்த்திய மாமாவைப் போல உட்கார்ந்திருக்கும். மழையில் குடித்த தண்ணீரை அடிமரத்தில் வைத்துக்கொண்டு, வறண்ட குளிர்காலம் முழுக்க இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அது பிறந்த மலையைக் கல்லுக்காக வெட்டித் தீர்த்தார்கள். மிச்சமிருந்ததை ஆடுகள் பார்த்துக்கொண்டன. இப்போது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவளை இங்கே வேலைக்கு எடுத்தார்கள். பூத்ததும் ஒரு மரத்து மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றதில் தடவ வேண்டும். "என் கல்யாணத்துக்கு ஒரு தரகர் கிடைக்கல, மரத்துக்கு நான் தரகு பாக்கறேன்" என்று சிரிப்பாள். கை ராசியான தரகுதான். விதை பிடிக்கும், முளைக்கும், குட்டித் தொப்பையோடு கன்றுகள் நிற்கும். குளிர்காலம் வந்தால் இலை உதிரும். அடி கொழகொழத்து ஒவ்வொன்றாகச் சாயும். அடுத்த வருடம் மறுபடி விதை. இப்படியே தலை நரைத்துவிட்டது.

குளிர்காலத்தில் பெரிய மரங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்ட மாட்டாள். கன்றுகள் விஷயத்தில் மட்டும் மனசு கேட்காது. பெரியவர்கள் பட்டினி கிடக்கலாம், பச்சைப்பிள்ளை கிடக்குமா? ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கரண்டி ஊற்றுவாள். அப்படியில்லை என்று சொல்ல யாருமில்லை. இந்தக் கன்றை வேறு யாரும் வளர்த்துப் பார்த்ததில்லை.

கடற்கரை ஊரில் அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருந்தாள். மாடியில் ஒரு அறையைத் தங்கைக்காகவே காலியாக வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கூப்பிட்டாள். கண்ணாடி வீட்டம்மாவுக்கும் போக ஆசைதான். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. தோட்டத்துக் காப்பாளரோ கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுவார். "ஒரே ஒரு கன்னு குளிர்காலத்தத் தாண்டட்டும்மா. நானே உங்கள வண்டி ஏத்தி விடறேன்." அவள் போய், அந்த நேரம் பார்த்து இந்த இனமே அழிந்துபோனால்? அந்தப் பழி அவள் தலையில்தான் விழும். பெட்டியைக் கட்டுவாள், அவிழ்ப்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. போகாமல் தீராது. கன்றுகளைத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் போடுகிற மோட்டார்காரனிடம் ஒப்படைத்தாள். எதைச் சொன்னாலும் "அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்பான் என்று அவனுக்கு 'அப்புறம்' என்றே பெயர். வேறு ஆள் இல்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு கரண்டி. மறந்துடாத."

"நீ நிம்மதியா போய்ட்டு வாக்கா."

அக்கா தடியை ஊன்றி நடக்க ஆரம்பிக்கும்வரை அவள் கடலோரத்தில் இருந்தாள். கிளம்பும்போது அக்கா விடவில்லை. "சின்னவளே, எப்பதான்டி வருவ?"

"இந்தத் தடவ ஒரு கன்னு தப்பிச்சாலும் வந்துடறேன். சத்தியமா."

திரும்பி வந்து இரண்டாவது கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குளிர் விட்டிருந்தது. எல்லாத் தொட்டியிலும் கன்றுகள் கெட்டியாக நின்றன, உச்சியில் பச்சைத் துளிர். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கல்லுப் போல இருந்தன. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போகலாம். இனி போகலாம்.

மோட்டார்கார அப்புறம் பின்னால் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, திட்டாத. மறந்தே போய்ட்டேன். நீ போனதுலேர்ந்து ஒரு சொட்டு ஊத்தல. நேத்துதான் ஞாபகம் வந்து ஓடி வந்தேன். பாத்தா, இப்படி நிக்குது."

அவள் ஒரு தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். அடிவரைக்கும் காய்ந்து கிடந்தது. ஒரு கரண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள். அத்தனை வருடமும், அத்தனை கன்றும்.

அதற்குள் சேதி கேட்டுக் காப்பாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தொட்டிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இது உங்க கை! போகலாம்னு சொன்னேன், இல்லேங்கல. ஆனா இந்தக் கைய எப்படிம்மா விடறது? இதுங்க வளந்து பூக்கற வரைக்கும் இருங்க. வேற யார் தொட்டாலும் போயிடும்."

அவர் பொய் சொல்லவில்லை, பாவம், அப்படித்தான் நம்பினார். கன்றுகள் தண்ணீரில்லாமல்தான் பிழைத்தன என்று ஒரு வார்த்தை போதும், அவள் அன்றைக்கே பேருந்து ஏறலாம். அப்புறத்துக்கே அது புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் தள்ளிப் போடாமல் வாயைத் திறந்தான்.

"சார், நிஜத்தச் சொல்லணும்னா, அக்கா இல்லாதப்ப நான்..."

"நான் சொன்ன மாதிரியே ஊத்தியிருக்கான் சார்," என்றாள் கண்ணாடி வீட்டம்மா. "ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு கரண்டி."

காப்பாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன்க்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாரே."

"விட்டிருப்பார்," என்றாள். "அங்க போய், இத்தன வருஷமா ஏன்டி வரலேன்னு அக்கா கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?"