மல்லிகா சிஸ்டர் மீது ஒரு புகார்

செவ்வாய்க்கிழமை. புறநோயாளிகள் வரிசை பாதி முடிந்திருந்தது. மருந்தாளுநர் வாசலில் வந்து நின்றார். "மல்லிகா சிஸ்டர் போயிட்டாங்க, சார்." மூன்று மாதமாக ரத்தப் புற்று. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மாலைக்குள் கைப்பேசிக் குழுவில் அஞ்சலிகள் நிறைந்தன. பொறுமையின் வடிவம். அதிர்ந்து பேசாதவர். தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அது பொய். செத்த பிறகு அவரைச் சாதுவாக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

நான் அங்கே மருத்துவராகச் சேர்ந்த முதல் வருடம். அவர் கிராமச் செவிலியர். தென்னந்தோப்பு வீடு ஒன்றில் ஆறு மாத ஆண்குழந்தையைப் பரிசோதிக்கப் போனேன். "இப்பத்தானுங்க தூங்குச்சு. எல்லாஞ் செரியா இருக்குதுங்க," என்றார் குழந்தையின் அப்பத்தா. அவ்வளவு பணிவாகச் சொல்பவரிடம் துணியை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டையில் 'இயல்பு' என்று எழுதினேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போன மல்லிகா அவிழ்த்துப் பார்த்தார். இடது விரை பையில் இல்லை. வீட்டார் நடுவே 'விரை' என்ற சொல்லையே சொன்னார். குழந்தையின் தாய் நித்யா அழத் தொடங்கினாள். "மாசமா இருக்கறப்ப ஸ்கூட்டி ஓட்டாதேன்னு சொன்னனே, கேட்டியா அம்மணி," என்றார் மாமியார்.

"ஸ்கூட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஆம்பளப் புள்ள எல்லாத்துக்கும் விரை உண்டாகறது வயித்துக்குள்ளதான், கிட்னிக்குப் பக்கத்துல. தண்டு மாதிரி ஒண்ணு வழி காட்டும். கர்ப்பத்துல ஏழாம் மாச வாக்குல தொடையிடுக்கு வழியா பைக்கு எறங்க ஆரம்பிக்கும். உங்க பையனுக்கு ஒண்ணு பாதி வழில நின்னுபோச்சு. யாரும் நிறுத்தல," என்றார் மல்லிகா.

"தானா எறங்கிக்காதுங்களா?"

"பொறந்து ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்கலாமுங்க. அது தாண்டிப்போச்சு. ஒரு வயசுக்குள்ள ஆபரேசன் பண்ணிப்போடோணும். உட்டா நாளைக்கு அவனுக்குக் கொழந்த பொறக்கறது சிக்கலாகலாம். கட்டியும் வரலாம்."

மறுநாள் எழுத்தில் புகார் வந்தது. டாக்டரே இயல்பு என்று எழுதிய பிள்ளையை இந்த நர்ஸ் குறையுள்ளவன் என்கிறார். மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன் மல்லிகாவிடம்.

"நான் கேக்கறது இருக்கட்டுங்க, சார். நீங்க பாத்துத்தான் எழுதுனீங்களா?"

நான் புகார்க் கடிதத்தை மடித்து வைத்தேன்.

"செரி, வண்டிய எடுங்க."

அந்த வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னேன்: "நான் பார்க்கலைங்க. பார்க்காமலே எழுதிட்டேன்." அவ்வளவு நீளமாகத் தோன்றிய வாக்கியத்தை நான் அதுவரை பேசியதில்லை.

"அப்பறம் எதுக்குங்க டாக்டருன்னு ஒருத்தரு?" என்றார் நித்யாவின் மாமனார். மரியாதையாகத்தான். மல்லிகா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நித்யா எழுந்து வந்தாள். குழந்தையை என் முன்னால் பாயில் கிடத்தினாள். துணியை அவளே அவிழ்த்தாள்.

பதினோராம் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. பையன் நன்றாக இருக்கிறான். அந்த வீட்டில் மல்லிகாவுக்குக் கடைசிவரை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. "கூப்புட்டாத்தான் போறதுன்னா நான் வேலைக்கே வந்திருக்க மாட்டேன்," என்பார்.

காரியம் முடிந்த மறுநாள் அலுவலக எழுத்தர் கேட்டார்: அவர் கோப்பில் அந்தப் புகார்க் கடிதம் எதற்கு, போய்ச் சேர்ந்தவராயிற்றே, எடுத்துவிடலாமா?

மறுத்துவிட்டேன். அவர் தன் வேலையைச் செய்தார் என்பதற்கு அந்தக் கோப்பில் அதைவிட நல்ல சான்று இல்லை. அதன் நகல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்.

என் மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. வர வேண்டும்.