இருபத்திரண்டும் எட்டும்

9.2.2024 – 160 பேலட் – 31 நிமிடம்
21.2.2024 – 144 பேலட் – 33 நிமிடம்
6.3.2024 – 152 பேலட் – 22 + 8 நிமிடம்

கீரனூர் சாலையில், சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட் செய்யும் ஷாகிரின் பட்டறை. அங்கே பதினேழு ஆண்டுகள் சூட்டறையைப் பார்த்துக்கொண்டவர் ரத்தினவேல். சரக்கோடு கப்பலேறும் மரத்தை அதில் வைத்துச் சூடேற்றுவார்கள். கட்டையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரியைத் தொட்டு, முப்பது நிமிடம் விடாமல் நின்றால்தான் உள்ளிருக்கும் வண்டுப்புழு சாகும். செத்தால்தான் ஏற்றுமதி முத்திரை. உயிரோடு போனால், இறங்குகிற நாட்டின் காட்டையே அரித்துவிடும். ரத்தினவேல் அந்தக் காடுகளைப் பார்த்ததில்லை. ஆனாலும் நோட்டில் நிமிடம் பிசகாமல் எழுதுவார்.

மார்ச் ஆறாம் தேதி, இருபத்திரண்டாவது நிமிடத்தில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. கரண்டு வந்தபோது கட்டையின் சூடு நாற்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. விதிப்படி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தூத்துக்குடியில் மறுநாள் கப்பல்.

“என்னண்ணே, இட்லியா அவிக்கிறீங்க? எறக்குங்க, போவணும்” என்றார் லாரி டிரைவர் செல்லமுத்து.

சூடு மறுபடி ஐம்பத்தாறைத் தொட்டபின் எட்டு நிமிடம் பொறுத்தார். இருபத்திரண்டும் எட்டும் முப்பது. முத்திரை குத்தினார். நோட்டில் மட்டும் இரண்டையும் பிரித்தே எழுதினார்.

மே மாதம் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. மூன்று பேலட்டில் உயிருள்ள புழு. மொத்தத்தையும் எரித்துவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி நோட்டைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார். முடிவு வரும்வரை முத்திரை குத்தக் கூடாது என்றார்.

“முப்பதுன்னு எழுதித் தொலச்சிருக்கலாமேண்ணே” என்றார் ஷாகிர்.

“நடந்ததத்தானே பாய் எழுதினேன்.”

“அப்ப அப்படி நடக்க விட்டிருக்கக் கூடாது.”

ரத்தினவேல் நோட்டை மூடிவைத்தார்.

முத்திரை குத்தும் உரிமை பறிபோனால் பட்டறையில் பதினோரு பேருக்கும் வேலை இல்லை. ‘தவறு என்னுடையது மட்டும். என்னை விலக்கிவிட்டு, பட்டறைக்கு முத்திரையை விட்டுவையுங்கள்’ என்று அதிகாரிகளுக்கு எழுதினார். சம்பளமில்லாமலே தினமும் வந்து, ஆறிக்கிடந்த சூட்டறையைக் கூட்டினார்.

“தபால்காரரு வந்தாராண்ணே?” ஆணி அடிக்கும் செவந்தி தினமும் கேட்பாள்.

“இன்னைக்கி இல்லம்மா.”

ஜூலையில் அவளும் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போய்விட்டாள். பிறகு கேட்க ஆளில்லை.

கடைசியில் பதில் வந்தது, இரண்டே வரி. முத்திரை ரத்து, வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ரத்தினவேல் நோட்டை எடுத்தார். மே மாதத்துக்குப் பிறகு வெறுமையாய்க் கிடந்த பக்கத்தில், வழக்கமான கையெழுத்தில் எழுதினார்:

கடிதம் வந்த தேதி 19.8.2024.