ஒலுவிலுக்கு வந்த ஓநாய்

ஒலுவில் துறைமுகத்தில் ஓநாய் நிற்கிறது என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சாச்சா, வாப்பாவின் கடைசித் தம்பி. அப்போது எனக்கு ஒன்பது வயது. டிவியில் ஓநாய்களைப் பற்றி ஒரு படம் பார்த்துவிட்டு, சோற்றுக்கு முன்னாலும் அதையே கதைத்துக்கொண்டிருந்தேன். நீண்ட கால், பெரிய பாதம், மஞ்சள் கண். ஓநாய்க் கூட்டம் என்பது உண்மையில் ஒரு குடும்பம். தாய், தகப்பன், பிள்ளைகள். பெரியவை இரைக்குப் போனால் மூத்த பிள்ளை நின்று குட்டிகளைப் பார்க்கும்.

“இலங்கையில ஏது ஓநாய்?” என்றார் உம்மா.

“கப்பல்ல வந்திரிக்கும் மதினி. புள்ளைக்குக் காட்டிட்டு வாறன்.”

சாச்சா மடிப்புக் கலையாத சேர்ட் போட்டு, அத்தரும் பூசிக்கொண்டு வந்தார். அத்தர் எதற்கு என்று கேட்டேன்.

“ஓநாய்க்கு மூக்குக் கூர்மை. மனிச வாடை பட்டாப் பாயும்.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாச்சாவின் மோட்டார் சைக்கிளில் வழியிலிருந்த காரைதீவும் நிந்தவூரும் காற்றாய்ப் பறந்தன.

துறைமுகத்தில், கவிழ்த்து வைத்த தோணி ஒன்றைச் சுற்றிச் சனம் நின்றது. கைகளில் துடுப்பு, தடி. சாச்சா என்னைத் தூக்கி ஒரு பீப்பாயின் மேல் நிறுத்தினார். தோணியின் அடியில், பழைய வலையில் சிக்கிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் அது உறுமியது. கழுத்தைச் சுற்றிக் கொத்தாக மயிர். ஓநாயேதான்!

அது திரும்பியது. வால் முதுகின் மேல் சுருண்டிருந்தது.

“சாச்சா, இது ஓநாய் இல்ல!” என்று கத்தினேன். “ஓநாய்ர வால் சுருளாது, தொங்கும்! கண்ணும் நீலம்!”

“ஓநாயோ நாயோ, கடிச்சாக் கடிதான்,” என்று ஒருவர் துடுப்பை ஓங்கினார்.

அந்த நேரம் பார்த்து அது முகத்தை வானத்துக்கு உயர்த்தி நீளமாக ஊளையிட்டது. சனம் மொத்தமாகப் பின்வாங்கியது.

“அது பாயப் போகல்ல! அதுர குடும்பத்தக் கூப்பிடுது!”

ஒரே ஒருவர்தான் காதில் வாங்கினார். வேலியோரம் நின்ற ஓர் இளம்பெண் முன்னால் வந்து, துடுப்புக்காரரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

“துடுப்பக் கீழ போடுங்க காக்கா. புள்ள சொல்றது சரி. கழுத்துல வார் இரிக்கி, பாருங்க.” பிறகு சாச்சா நின்ற பக்கம் திரும்பி, “ஆராவது வலைய வெட்டி உடுங்களன்,” என்றாள்.

பூனைக்குட்டி காலில் உரசினாலே கதிரையில் ஏறுகிற சாச்சா, பக்கத்தில் நின்றவரிடம் கத்தியை வாங்கிக்கொண்டு நடந்தார். கயிறு கயிறாக அறுத்தார். கடைசி முடிச்சு விட்டதும் அது அவர் மேல் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாச்சா மல்லாந்து கிடந்தார். அது அவர் கைகளையும் கன்னத்தையும் நக்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வேன் ஒன்று வந்தது. கடல் பார்க்க வந்து நாயைத் தவறவிட்ட கொழும்புக் குடும்பம். பிள்ளைகள் குதித்து ஓடிவர, அது ஊளையிட்டபடி அவர்களுக்கு நடுவில் புகுந்து உருண்டது. நான்தான் சொன்னேனே!

எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டு. அந்தப் பெண்ணின் வீடு பக்கத்தில்தான். அவளுடைய உம்மா வாசலில் நிற்க, அவள் கிணற்றில் அள்ளி ஊற்றினாள். சாச்சா இத்தனை ஆறுதலாக, அவசரமே இல்லாமல் கை கழுவி நான் கண்டதில்லை.

“எத்தினையாவது? மறந்து பெய்த்து,” என்றார்.

“மூணு,” என்றாள் அவள்.

“இல்ல, அஞ்சு!” என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. முதலிலிருந்து தொடங்கினார்கள். ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாத இரண்டு பெரியவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

வீடு வரைக்கும் சாச்சா சீட்டியடித்துக்கொண்டே வந்தார். உம்மா வாசலிலேயே நின்றார்.

“உம்மா, அது ஓநாய் இல்ல, நாய்!”

“ஓம், எனக்குக் காலையிலயே தெரியும்,” என்று சாச்சாவைப் பார்த்துச் சிரித்தார்.

கை கழுவிய அந்த வீட்டில்தான் சாச்சாவுக்குப் பெண் பேசியிருந்தார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சுருண்ட வாலைப் பார்க்காமலே உம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.