முடியைப் பிடிக்காத இடுக்கி

ஆபரேஷன் கருவி செய்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் செய்த தப்பை அனுபவிக்கிறவர் அப்போது மயக்கத்தில் இருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். தையல் போடும்போது டாக்டர் ஊசியைப் பிடிக்கிற இடுக்கிதான் எங்கள் சரக்கு. அதன் வாயில் பொடிப் பல் வெட்டிய, வளைந்த சின்னத் துண்டுகளைப் பதித்து, மேலே குரோம் முலாம் பூசுவோம். முதலாளிக்குப் பயந்து பிழைப்பு நடத்தியவர்களுக்கு மீதி தானாகவே புரியும்.

மொட்டைக் கை

இடுக்கியைச் சோதிக்க எங்களுக்கு ஒரே வழி. இடது கையிலுள்ள ஒற்றை முடியை நுனியால் கவ்வி இழுக்க வேண்டும். வேரோடு வந்தால் பாஸ், வழுக்கினால் தள்ளுபடி. அதனால் பட்டறையில் எல்லோருக்கும் இடது கை வழவழவென்றிருக்கும். பாலக்காட்டில் பாருவைப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா என் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, வலது கையிலயாவது ஆம்பிளையா இருக்கேளே" என்றார்.

பளபளப்பு

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இரண்டு டஜன் இடுக்கி போக வேண்டியிருந்தது. முலாம் கனமாக ஏறி, வளைவில் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் ஒரு முடிகூட வரவில்லை. உரித்து மறுபடி பூச இரண்டு நாள் கேட்டேன். முதலாளி வர்கீஸ் சேட்டன் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"எடோ, டாக்டர் முடி பறிக்கவா வாங்கறது? நீ பொதிஞ்சு கொடு."

பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

அத்தாட்சி

மூன்று மாதத்தில் அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார். தையலில் ஊசி நழுவுகிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி என் சட்டையைச் சுருட்டி, மொட்டை இடது கையை அவரிடம் நீட்டிக் காட்டினார். வெட்கக்கேடு. எனக்குக் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

"ஒவ்வொண்ணும் இவன் டெஸ்ட் பண்ணினதாக்கும். பாருங்க, ஒரு முடி மிச்சமுண்டா?"

சிஸ்டர் சமாதானமாகி, கொண்டுவந்த இடுக்கிகளையே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

தியேட்டர் வாசல்

மறுவருஷம் பாருவுக்குப் பிரசவம் சிக்கலாகி, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். வாசலில் அதே சிஸ்டர். எங்கள் இடுக்கி வேண்டாம், அது வழுக்கும், வேறு ஏதாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

"பேடிக்க வேண்டாம். உங்க கை நான் பார்த்ததல்லே?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பாருவும் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். ஊசி நழுவ நழுவப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் அவள் வயிற்றில் கோணலாக ஓடும் தழும்புதான் அத்தனை வருஷ உழைப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.