ஒரே ஒரு பெண் பறித்தால் எத்தனை நாள்?

போன வியாழக்கிழமை, ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் கணக்குத் தாளில் சிவப்புப் பேனாவால் ‘அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்’ என்று எழுதினேன். கீழே ஒரு கோடும் இழுத்தேன். அழுத்தமாக.

திங்கட்கிழமை அதே தாளை அவளிடம் திருப்பி வாங்கி, அந்த வரியை நானே அடித்தேன்.

நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளில் பாதிப் பேர் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் பஜார் பிள்ளைகள். உதவித்தொகைத் தேர்வு ஒன்றுக்காக ஊட்டியில் சனிக்கிழமைதோறும் இலவசப் பயிற்சி நடக்கிறது. நல்ல பயிற்சி. ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரே இடம்தான். யாரை அனுப்புவது? ஐம்பது மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வைப்போம், முதலில் வருகிறவர் போகட்டும் என்று முடிவானது. கேள்வித்தாள் எடுக்கும் வேலை எனக்கு.

பாடப் புத்தகத்தில் இருக்கிற கணக்கையே எண்ணை மட்டும் மாற்றிப் போடுகிற ஆள் இல்லை நான். (பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் லைனில், பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆளும் நான்தான். கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்?) எட்டுப் பேர் கிணறு வெட்டினால் எத்தனை நாள், பத்துப் பேர் வெட்டினால் எத்தனை நாள்... எங்கள் மலையில் யார் கிணறு வெட்டுகிறார்கள்? அதனால் நம் ஊருக்குத் தகுந்த மாதிரி சொந்தமாக ஒன்று செய்தேன். பதினேழாவது கேள்வி. இரண்டு மார்க்.

‘பத்து நாளுக்கு ஒரு ரவுண்டு பறிக்க வேண்டிய ஒரு தேயிலைக் காட்டை, 5 பெண்கள் சேர்ந்து 6 நாட்களில் பறித்து முடிக்கிறார்கள். அதே காட்டை ஒரே ஒரு பெண் மட்டும் பறித்தால் எத்தனை நாட்களில் முடிப்பார்?’

ஐந்தை ஆறால் பெருக்கு. முப்பது. வேலை முடிந்தது.

அந்தப் ‘பத்து நாளுக்கு ஒரு ரவுண்டு’ எதற்கு? எதற்கும் இல்லை. சும்மா... ஒரு உள்ளூர் மணத்துக்கு. தேயிலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் – ஒரு செடியில் கொழுந்து பறித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி துளிர்த்து நிற்கும். அப்போது திரும்பி வந்து பறிக்க வேண்டும். விட்டால் முற்றிப் போகும். அந்த ஒரு சுற்றுக்குத்தான் ரவுண்டு என்று பெயர். என் அம்மா முப்பத்தொரு வருஷமாக இந்த ரவுண்டில்தான் நடக்கிறார். எனக்குத் தெரியாத ரவுண்டா?

ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அந்தக் கேள்வியை வாசித்துக்கூடக் காட்டினேன். பாராட்டினார்கள்.

தாள் திருத்த உட்கார்ந்தபோது, முப்பது, முப்பது, முப்பது என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். சுகன்யாவின் தாள் வந்தது. அவள் அப்பா எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா கொழுந்து பறிக்கிறார். சுகன்யா இப்படி எழுதியிருந்தாள்:

‘முடிக்க மாட்டார். பத்து நாளில் மூன்றில் ஒரு பங்குதான் பறித்திருப்பார். பதினோராம் நாள் முதல் வரிசை மறுபடி தயாராகிவிடும். அவர் அங்கே திரும்பிப் போக வேண்டும். மீதி மூன்றில் இரண்டு பங்கு முற்றிவிடும்.’

எனக்குச் சுர்ரென்று வந்தது. கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் அந்தச் சிவப்பு வரி.

மார்க்கைக் கூட்டினேன். நஸ்ரின் 44. சுகன்யா 43. நஸ்ரின் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். முப்பது என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியவள். ஊட்டிக்கு நஸ்ரின் என்று குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தாள் கொடுத்தேன். சுகன்யா நேராக மேஜைக்கு வந்தாள்.

“மிஸ், இதுல பத்து நாள்னு நீங்கதானே மிஸ் போட்டிருக்கீங்க?”

“ஆமா. அதுக்கு?”

“அப்ப முப்பது நாள் எப்படி மிஸ் வரும்?”

“சுகன்யா, இது கணக்குப் பரீட்சை. தேயிலைப் பரீட்சை இல்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்.”

“கேட்டதுக்குத்தான் மிஸ் எழுதினேன்.”

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்: “மேஸ்திரியம்மா வந்துட்டாங்கடோய்!” எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்கிறவர்தான் மேஸ்திரி. வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். போய் உட்கார் என்றேன். அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாயாடிப் பெண்ணைப் பற்றிய வேடிக்கையாகத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேள்வியைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

கத்தி நின்றது.

“யாரு கண்ணு அந்தப் பொம்பளை?”

“யாரும் இல்லைம்மா. கணக்கு.”

“ஒத்தையாவா வுட்டுட்டாங்க? மத்தவங்க எல்லாம் லீவா?”

“அம்மா...”

“முப்பது நாள்ல முடிச்சுடுவாள்னு நீயா எழுதின?”

அதற்குப் பிறகு அம்மாவால் பேச முடியவில்லை. சிரிப்பு. பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். “ஏனுங்கக்கா, இங்க வாங்க. எம் புள்ள போட்ட கணக்கைக் கேளுங்க!” அந்த அக்காவும் வந்தார். நான் இரண்டாம் முறை படிக்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்து முடித்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: “மேஸ்திரி காதுல போட்டுறாதே கண்ணு. எங்க எல்லாத்தையும் ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டு ஒருத்திய வெச்சே முடிச்சுருவாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகன்யா எழுதியதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு. முப்பது நாள் வேலை என்று கண்டுபிடிக்காமல், பத்து நாளில் மூன்றில் ஒரு பங்கு என்று யாரால் எழுத முடியும்? என் விடை அவள் விடைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைத் தாண்டி அவள் கேள்வியையும் படித்திருக்கிறாள். அவள் மட்டும்தான் படித்திருக்கிறாள். எழுதிய நான் உட்பட வேறு யாரும் படிக்கவில்லை!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று நினைத்தாலும் வந்தது.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு மாடல் டெஸ்ட். ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 8. பரப்பளவு என்ன? சூத்திரத்தில் போட்டேன். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தது. அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி மைனஸ். தாளில் ஓட்டை விழும் வரை அழித்தேன். அரை மணி நேரம். அச்சில் வந்தது எப்படித் தப்பாக இருக்கும்? நான்தான் எங்கோ தப்பு. லைன் வீட்டில் இருந்து வந்தவளுக்கு இதெல்லாம் வராது போல என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் அப்பா காலேஜ் பேராசிரியர். அவள் அப்போதுதான் அந்தக் கேள்விக்கு வந்தாள்; இரண்டே நிமிடத்தில் கையைத் தூக்கினாள். “சார், மூணும் நாலும் சேர்த்தாலும் ஏழுதான். எட்டை எப்படி சார் மூடும்? இது முக்கோணமே இல்லை.”

சார் “அச்சுப் பிழை, விட்டுடுங்க” என்றார். எனக்கு அரை மணி நேரம் போனது போனதுதான். மூன்று கேள்விகள் தொடாமலே தாளைக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கேள்வி தப்பாக இருக்கலாம் என்று நினைக்கிற தைரியம் அவள் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. டீச்சரானால் என் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். சுகன்யா அதை யாரும் கொடுக்காமலே கொண்டுவந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம் என்று எழுதிக் கோடு இழுத்தேன்.

சரி, மார்க்குக்கு வருவோம். கேள்வி தப்பு என்றால் இரண்டு வழிகள் உண்டு. எல்லோருக்கும் இரண்டு மார்க் கொடுக்கலாம் – சுகன்யா 45, நஸ்ரின் 44. அல்லது கேள்வியையே ரத்து செய்யலாம் – நாற்பத்தெட்டுக்கு சுகன்யா 43, நஸ்ரின் 42. எப்படிப் போட்டாலும் சுகன்யா ஒரு மார்க் முன்னால். என் தப்பை நான் கட்டிக்காத்தால் மட்டும்தான் நஸ்ரின் முன்னால்.

திங்கட்கிழமை காலையில் தலைமை ஆசிரியையிடம் போனேன். பட்டியல் அன்று மாலைக்குள் போக வேண்டும்.

“விடைக்குறிப்புல முப்பதுன்னுதானுங்களே இருக்கு, டீச்சர்?”

“ஆமாங்க மேடம்.”

“அப்ப முப்பதுதானுங்க. கடைசி நேரத்துல எதுக்குங்க வம்பு?”

“விடைக்குறிப்பு எழுதினது நான்தானுங்க மேடம். தப்பு பண்ணினதும் நான்தான்.”

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “டீச்சருக்கே கணக்கு வரலைன்னு பேசுவாங்க. பரவாயில்லைங்களா?”

“பேசட்டுங்க மேடம்.”

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. சொல்லும்போது அப்படி இல்லை. முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் தப்பு செய்தால் அது தப்பு. நாம் செய்தால்... ‘பார்த்தியா’ என்று சொல்ல யாரோ காத்திருக்கிற மாதிரியே இருக்கும். யாரும் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். மேடம் பட்டியலை என் பக்கம் தள்ளி, “கேள்விய ரத்து பண்ணுங்க. புதுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இனிமே கிணறே வெட்டுங்க டீச்சர்” என்றார்.

வகுப்பில் சொன்னேன். பதினேழாவது கேள்வி தப்பு, தப்பு என்னுடையது, ரத்து செய்கிறேன், சுகன்யா ஊட்டிக்குப் போகிறாள் என்று. நஸ்ரின் எழுந்தாள்.

“மிஸ், கதையை விடு, நம்பரை எடுன்னு நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க? அந்தப் பத்து நாள் சும்மா கதைக்குன்னு விட்டுட்டேன். நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?”

உண்மை. வாக்கியக் கணக்கு என்றாலே வார்த்தைகளைத் தள்ளிவிட்டு எண்ணைப் பொறுக்குங்கள் என்று வருஷம் முழுக்கக் கத்தியது நான்தான்.

“நீ செஞ்சது தப்பில்லை, நஸ்ரின். நான் சொல்லிக் குடுத்தது தப்பு.”

“அப்ப எனக்கு எதுக்கு மிஸ் சீட் போகுது?”

கரும்பலகையில் இரண்டு வழிகளையும் போட்டுக் காட்டினேன். அவள் உதட்டுக்குள் கழித்துப் பார்த்தாள். இரண்டு முறை. “கணக்கு சரிதான் மிஸ்” என்று உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்கு என்னிடம் மார்க் இல்லை. தேர்வை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பயிற்சிக்குத்தான் ஒரு இடம். அதனால் திங்கட்கிழமைதோறும் மதியம், சுகன்யா கொண்டுவரும் பாடத்தை நாங்கள் மூவரும் உட்கார்ந்து போடுவதாகப் பேச்சு. நஸ்ரின் ஒரு நிபந்தனை வைத்தாள்: “நீங்களா ஏதாச்சும் கேள்வி செஞ்சா, நான் செக் பண்ணிட்டுத்தான் மிஸ் போடுவேன்.”

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

எல்லோரிடமும் ஒன்று சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். விடை சரியாக வராவிட்டால் ஒரு முறை சரிபாருங்கள். இரண்டாம் முறையும் வராவிட்டால் கேள்வியின் மேல் சந்தேகப்படலாம். கையைத் தூக்குங்கள். முடியாவிட்டால், ஏன் தப்பு என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஓட்டை விழும் வரை அழிக்காதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் சுகன்யாவிடம் தாளைக் கேட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, நாலாக மடித்ததைப் பிரித்துக் கொடுத்தாள். சிவப்பு வரியை அடித்தேன். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள்.

“அடிச்சதுக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க மிஸ். இல்லாட்டி நானே அடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவாங்க.”

போட்டேன். தேதியோடு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அந்த ஒத்தைப் பொம்பளை என்ன ஆனா கண்ணு?”

“கேள்வியையே ரத்து பண்ணியாச்சும்மா.”

“அப்பாடா” என்றார் அம்மா. “அவளுக்காச்சும் லீவு கெடைச்சுதே.”